முள்ளம்பன்றி வளர்த்த முட்டைக்கிளி

மலையடிவாரத்தில் ஒரு குட்டை. குட்டைக்கரையில் ஓர் இலுப்பை மரம். மரத்தின் வேருக்கடியில் ஒரு வளை. அந்த வளையில் வேலாயி என்கிற முள்ளம்பன்றி தனியாகக் குடியிருந்தாள்.

வேலாயி மேல் யாருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. நல்லவள். அதிர்ந்து பேசமாட்டாள். கிழங்கு கிடைத்தால் பாதியைக் கொடுத்துவிடுவாள். ஆனால் கிட்டே மட்டும் யாரும் வரமாட்டார்கள். முயல் எட்டு அடி தள்ளி நின்றுதான் நலம் விசாரிக்கும். மான் அக்கரையிலிருந்தே தலையாட்டிவிட்டுப் போய்விடும். இவள் சந்தோஷத்தில் கொஞ்சம் உடம்பைச் சிலிர்த்தால் போதும், கூட்டம் கலைந்துவிடும். முதுகு முழுக்க முள்ளை வைத்துக்கொண்டு யாரைக் குறை சொல்வது? அவள் பாட்டுக்கு வளைக்குள் போய், சேர்த்து வைத்திருக்கும் எலும்பில் ஒன்றை எடுத்துக் கொறித்துக்கொண்டு படுத்துவிடுவாள். முள்ளம்பன்றிகளுக்கு எலும்பு கொறிக்காவிட்டால் பொழுது போகாது.

ஒருநாள், பெருங்காற்று அடித்து ஓய்ந்த காலையில், வளை வாசலில் ஒரு பறவை பொத்தென்று விழுந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் வெளிறிய ஆரஞ்சுப் பொட்டு. டவுன் வீடுகளில் கூண்டில் வளர்ப்பார்களே, காக்கட்டீல் என்று ஒரு ஜாதிக் கிளி, அதுதான். எந்த மகராசியோ கூண்டைச் சாத்த மறந்திருக்கிறாள்.

கிளி எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தது. மரம், குட்டை, வானம், எல்லாமே அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. அதற்கு நடுக்கம் எடுத்துவிட்டது. அப்போதுதான் வேலாயியைப் பார்த்தது. வரிசை வரிசையாக, கம்பி கம்பியாக, முதுகு நிறைய முள்.

"அப்பாடா, கூண்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே நேராக நடந்து வந்தது. முட்களுக்கு நடுவே புகுந்து வேலாயியின் கழுத்தோரம் உட்கார்ந்துகொண்டது.

வேலாயி மூச்சுகூட விடவில்லை. அம்மாவைப் பிரிந்து வந்த நாளிலிருந்து அவளை ஒருவரும் தொட்டதில்லை.

"நீ யாரும்மா?"

"டாலி. இந்த வீட்டு அக்கா நீங்கதானா?"

"ஆமா" என்றாள் வேலாயி. எந்த வீடு, என்ன ஏது என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா என்பது மட்டும் புரிந்தது. அது போதாதா?

அன்றிலிருந்து வேலாயி டாலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். நிஜமாகவே தலையில்தான். வளையின் கோடியில், நல்ல இருட்டாக, கதகதப்பாக ஓர் இடம் பார்த்துக் காய்ந்த புல்லைப் பரப்பி மெத்தை போட்டாள். தினைக்கொல்லைக்குப் போய்க் கதிர் அறுத்து வந்து, குட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, முளைகட்டிக் கொடுத்தாள். டாலி வயிறு முட்டத் தின்றுவிட்டு முதுகைக் காட்டும். வேலாயி தன் முன்னங்காலால் கழுத்திலிருந்து வால்வரைக்கும் தடவுவாள். பாதத்தில்தான் முள் கிடையாதே. தடவத் தடவ டாலிக்குக் கண் சொக்கும். வேலாயிக்கு மனசு குளிரும்.

இரண்டு வாரம் போயிருக்கும். புல் மெத்தையில் வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை கிடந்தது.

"டாலி முட்டை போட்டுட்டா!" வேலாயி குட்டையைச் சுற்றி ஓடி ஓடிச் சொன்னாள். ஊரே திரண்டு வந்தது. எட்டு அடி தள்ளித்தான், ஆனாலும் வந்தது. வேலாயி வீட்டு வாசலில் அத்தனை பேரை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

காட்டுக்கோழி பவுனு மட்டும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "ஏண்டி வேலாயி, முட்டை சரி. சேவல் எங்கே?"

"சேவலா? எதுக்கு?" என்றாள் வேலாயி.

"எதுக்கா? சரியாப் போச்சு. இது கூமுட்டைடி. நீ மழைக்காலம் வரைக்கும் காத்துக் கிடந்தாலும் இதுலேருந்து குஞ்சு வராது."

வேலாயிக்கு முகம் சுண்டிவிட்டது. ஊர் கூடிய இடத்தில் இப்படியா பேசுவது? பவுனு எப்போதுமே பொறாமைக்காரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பவுனுவும் சிறகை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ஒருவன் மட்டும் மிச்சம் நின்றான். கீரி நல்லமுத்து. பெயரைப் பாருங்கள்!

"பவுனு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க வேலாயிக்கா" என்றான் அவன். குரலில் தேன் சொட்டியது. "ஆனா ஒண்ணு. கூமுட்டைன்னு தெரிஞ்சப்புறம் அதைக் கிளி கண்ணுல படற மாதிரி வெச்சிருக்கக் கூடாது. பாவம், பச்சைப்புள்ள மாதிரி மனசு. அதையே பாத்துப் பாத்து ஏங்கிடும். சோறு தண்ணி இறங்காது."

"ஐயையோ, அப்ப என்ன தம்பி பண்றது?"

"எடுத்துடணும். அது பாக்காத நேரமா எடுத்துடணும். எத்தனை நாளு அழப்போகுது, மறந்துடும். நீங்க அலைய வேணாம். நான் எடுத்துட்டுப் போய் தூரமாப் போட்டுடறேன்."

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

"என்னக்கா இப்படிப் பிரிச்சுப் பேசறீங்க?"

வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. டாலி குளிக்கப் போயிருந்த நேரத்தில் நல்லமுத்து முட்டையை அலுங்காமல் குலுங்காமல் எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவு பக்குவமாக எடுத்துப் போகிறவன் எதற்குப் புதருக்குப் பின்னால் போனான் என்று வேலாயி யோசிக்கவில்லை.

டாலி வந்து பார்த்தது. முட்டையைக் காணோம். புல்லைக் கிளறியது, மூலையில் தேடியது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேலாயிக்கு மனசு பொறுக்கவில்லை. இன்னும் இரண்டு கைப்பிடி முளைதானியம் கொடுத்தாள். இன்னும் நீளமாக முதுகைத் தடவினாள்.

அடுத்த நாள் விட்டு அடுத்த நாள் இன்னொரு முட்டை கிடந்தது.

அதையும் நல்லமுத்து எடுத்துப் போனான். மறுபடி ஒருநாள் விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. டாலி போடப்போட நல்லமுத்து எடுத்தான். அவன் எடுக்க எடுக்க டாலி போட்டது. நாள் தவறாமல், நேரம் தவறாமல், வாலை நீட்டிக்கொண்டு வளை வாசலில் வந்து நிற்பான். அவன் கன்னம் உப்பியது, உடம்பில் மினுமினுப்பு ஏறியது. நடக்கும்போது வயிறு தரையைத் தொட்டது.

"எல்லாம் உங்க கைராசிக்கா" என்பான் போகும்போது.

வேலாயிக்கு வாயெல்லாம் பல். காட்டில் எந்தப் பறவை இத்தனை முட்டை போட்டிருக்கிறது? ஒவ்வொரு முட்டைக்கும் கரையில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். முயல் ஏழடிக்கு வந்துவிட்டது. மான் இக்கரைக்கே வந்து கேட்டது. கிளி முட்டை போட்டால் நமக்கு இவ்வளவு மதிப்பா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆசையில் புல் மெத்தையை இன்னும் கனமாகப் போட்டாள்.

டாலி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. சொன்னால் நம்புங்கள், வேலாயியே கேட்கவில்லை.

டாலியின் கொண்டை எப்போதும் விறைப்பாக நிற்கும். அது படிந்துபோயிற்று. தலைமேல் தத்தி ஏறுகிற கிளி, வேலாயி தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டால்தான் ஏறியது. பிறகு அதுவும் இல்லை. முட்டை ஓடு மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் நல்லமுத்து எடுத்த முட்டை அவன் வாயிலேயே நசுங்கிவிட்டது. "அவசரத்துல கை பட்டுடுச்சுக்கா" என்று நாக்கால் வழித்துக்கொண்டே சொன்னான். வேலாயியும் "பரவால்ல தம்பி" என்றாள். வெகுளி என்றால் அப்படி ஒரு வெகுளி.

ஒரு காலையில் டாலி மெத்தையை விட்டு எழவில்லை. இறகெல்லாம் உப்பி, கண்ணை மூடிக்கொண்டு, வாலை மேலும் கீழும் அசைத்து அசைத்து முக்கிக்கொண்டிருந்தது.

"டாலி, என்னடா செய்யுது?"

"வர மாட்டேங்குதுக்கா" என்றது டாலி. குரல் காற்றுப் போல வந்தது. "உள்ளேயே நிக்குது. என்னால முடியல."

வேலாயி முதலில் நல்லமுத்துவைக் கூப்பிட்டாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு இல்லையா? சரி, நாளைக்கு வரேன்" என்று போய்விட்டான். போகிறவனையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூங்கில் புதருக்கு ஓடினாள். அங்கேதான் பவுனு இருந்தாள்.

"பவுனு, நீ சொன்னப்ப நான் கேக்கல. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. என் டாலியைக் காப்பாத்து."

பவுனு திட்ட வாயைத் திறந்தாள். வேலாயியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். "முள்ளை மடக்கிக்கிட்டு முன்னால நட" என்று மட்டும் சொன்னாள். அவள் எட்டு அடியை எல்லாம் பார்க்கவில்லை. நேரே வளைக்குள் வந்து கிளியின் வயிற்றில் காது வைத்துப் பார்த்தாள்.

"முட்டை வழியிலேயே நிக்குது. தள்ளறதுக்கு உடம்புல சத்து இல்ல. எத்தனை போட்டிருக்கா?"

"இருபத்தாறு."

பவுனு அப்படியே பின்னால் சாய்ந்தாள். "இத்தனூண்டு உடம்புக்கா? ஏண்டி, ஓடு எதுல கட்டுது? எலும்பைக் கரைச்சுத்தான் கட்டுது. நீ எலும்பை வாங்கிக்கிட்டே இருந்தியா? சரி, முட்டையெல்லாம் எங்கே?"

"நல்லமுத்து தம்பி தூரமாக் கொண்டுபோய் போட்டுடுவான்."

"எங்கே போடுவான்? வயித்துலயா?"

அந்த மினுமினுப்பும் அந்த வயிறும் வேலாயியின் கண்முன்னே வந்து நின்றன.

"கேட்டுக்கோ" என்றாள் பவுனு. "வயித்துக்கடியில நாலு அஞ்சு முட்டை சேந்தாத்தான் எங்க ஜாதி உடம்பு, போதும்னு நிறுத்திட்டு அடை உக்காரச் சொல்லும். காலியாவே இருந்தா, அடடா தொலைஞ்சுபோச்சே, இன்னொண்ணு போடுன்னு சொல்லும். ஊருக்குள்ள என் சித்தி மகள் நாட்டுக்கோழிக்கு இதைத்தான் பண்றாங்க. அடை உக்காந்தா தண்ணியில முக்கி எடுத்துடுவாங்க. அவங்களுக்கு முட்டை வேணும், பண்றாங்க. உனக்கு என்னடி வேணும்? போதாததுக்கு இருட்டு மூலை, புல் மெத்தை, முளைதானியம். முதுகு வேற தடவறியாமே. சேவல் பண்ற வேலையையெல்லாம் நீ பண்ணிட்டு, அவ ஏன் முட்டை போடறான்னு கேட்டா? அவ மனசுல நீதாண்டி மாப்பிள்ளை."

வேலாயிக்கு வெட்கத்தில் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. பவுனு சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினார்கள். டாலியை வெயில் பட்ட மணலில் படுக்கவைத்து, ஈரப்பாசியைப் பக்கத்தில் வைத்தார்கள். வேலாயி தன் எலும்புக் குவியலைக் கொண்டுவந்து கொட்டினாள். பல் தேயத் தேயக் கொறித்துப் பொடியாக்கி, தண்ணீரில் குழைத்து, சொட்டுச் சொட்டாகக் கிளியின் அலகில் விட்டாள். ஒவ்வொரு சொட்டுக்கும், "இறங்குடா கண்ணு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாலி போய்விட்டால் தன் கழுத்தோரம் மறுபடி காலியாகிவிடும். அதைவிட, அதைக் காலி செய்தது தானே என்று ஆகிவிடும். அந்த நினைப்புதான் அவளைக் கொன்றது.

உச்சிவேளைக்கு முட்டை வந்தது. ஓடே இல்லாத தோல்முட்டை. டாலி கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றது. வேலாயி விக்கி விக்கி அழுதாள்.

"அழுதது போதும்" என்றாள் பவுனு. "இனிமே அவ அடை உக்காந்து, அவளா அலுத்து எழுந்திரிக்கணும். அப்பதான் நிக்கும். ஆனா உக்கார முட்டைக்கு எங்கே போறது? எல்லாம்தான் ஒருத்தன் வயித்துல இருக்கே."

வேலாயி குட்டையில் இறங்கித் தேடினாள். வழவழவென்று, வெள்ளையாக, அளவு பார்த்து, ஐந்து கூழாங்கல் எடுத்து வந்தாள். வெயிலில் சூடு ஏற்றி மெத்தையில் வைத்தாள். டாலி ஒவ்வொன்றாக அலகால் தட்டிப் பார்த்தது. திருப்பிப் போட்டது. பிறகு அத்தனையையும் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் நல்லமுத்து வந்து நின்றான். "என்னக்கா, அஞ்சு சேந்துபோச்சு போலிருக்கு? சொல்லி அனுப்பக்கூடாதா?"

"அது முட்டை இல்ல தம்பி. கல்லு" என்றாள் வேலாயி.

"எங்கிட்டயேவா?" என்று சிரித்தான். வேலாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் முட்டை ஆசை வந்துவிட்டால் அவனுக்கு எதுவும் தெரியாது. டாலி தானியம் கொத்த எழுந்த நேரம் பார்த்துப் பின்பக்கமாக நுழைந்தான். ஒன்றைக் கவ்விக்கொண்டு புதருக்குப் போனான். கொஞ்ச நாளாக ஓடு மெலிந்த முட்டையே தின்று அலுத்தவன், ஓடு கெட்டியாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் ஓங்கிக் கடித்தான்.

கடக் என்று கேட்ட சத்தத்தில் மரத்துக் கொக்கு பறந்துபோனது.

தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து வேலாயி சொன்னாள். "அத்தனையும் நீதான் தின்னியா தம்பி? உன்னை நம்பினேனே."

நல்லமுத்துக்குப் பல் போன கோபம். "தின்னேன், இல்லேன்னா சொல்றேன்? முட்டை திங்கற ஜாதி, தின்னேன். நீங்க என்ன பண்ணீங்க? ஒவ்வொரு முட்டைக்கும் கரையைக் கூட்டி வெச்சுப் பெருமை பேசினது யாரு? அது முதுகைத் தடவத் தடவ யாருக்குக் குளிர்ந்துச்சு? என் வயித்துக்கு முட்டை, உங்க மனசுக்குக் கிளி. ரெண்டு பேரும் சேந்துதானக்கா அதைத் தின்னோம்."

திருட்டுப்பயல் சொன்னாலும் சொன்னது நிஜம். அன்று வேலாயி எலும்புகூடக் கொறிக்கவில்லை.

டாலி கல்லின்மேல் இருபத்திரண்டு நாள் உட்கார்ந்தது. கிட்டே போனால் சீறியது. "குஞ்சு தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று அதட்டியது. கல்லுக்குப் பாட்டுக்கூடப் பாடியது. வேலாயி எலும்புப்பொடி கலந்த தானியத்தை வைத்துவிட்டுப் பூனை நடை நடந்து திரும்பினாள். சிரிக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

இருபத்திமூன்றாம் நாள் டாலி எழுந்து சோம்பல் முறித்தது. "அக்கா, இதெல்லாம் கூமுட்டை. உக்காந்து உக்காந்து இடுப்பு போனதுதான் மிச்சம்" என்று கற்களைக் காலால் எற்றிவிட்டது.

"அப்படியா? போகட்டும்" என்றாள் வேலாயி. அன்றைக்கே மெத்தையை வாரி வெளியே கொட்டினாள். இருட்டு மூலையை மண் போட்டு அடைத்தாள். இலுப்பை மரத்தில் காற்றாடும் கிளை ஒன்றைக் காட்டினாள். "இனிமே உனக்கு அங்கதான். பொழுது சாயறப்பவே தூங்கிடணும். முளைதானியம் கிடையாது, வெறும் தினைதான்."

"என்னக்கா இது?" டாலிக்கு அழுகை வந்துவிட்டது. "முன்ன மாதிரி என் மேல பிரியமே இல்ல உங்களுக்கு. முதுகையாவது தடவுங்க."

கிளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வேலாயியின் முன்னங்கால் தானாகவே எழுந்தது. வாழ்நாளெல்லாம் அவள் ஏங்கிய ஒரே விஷயம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் காலைக் கீழே ஊன்றிக்கொண்டாள்.

"தலையை நீட்டு. கொண்டையை மட்டும் சொறிஞ்சு விடறேன்."

"ஒண்ணும் வேணாம்!" டாலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விர்ரென்று பறந்து மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது.

நல்லமுத்து கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். "என்னக்கா, கிளி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு போலிருக்கு?"

"ஆமா தம்பி" என்றாள் வேலாயி. கண்ணீர் மூக்கில் வழிந்தது. கழுத்து வலிக்க வலிக்க உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, எவ்வளவு உயரம் பறக்குது?"

டாலி மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் தத்தித் தத்திக் கீழே இறங்கி வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் நீட்டியது.

யோசனை சொல்ல வருகிறவரின் வயிற்றைப் பார்க்கிற நாம், ஒருவர்மேல் பிரியம் காட்டும்போது அதில் நம் வயிறு எவ்வளவு நிறைகிறது என்பதையும் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.